காய்ச்சல் ஒழிந்த லயம்

மூன்று வருடமாகத் தேயிலைத் தோட்டத்து மருந்துக் காம்பராப் பதிவேட்டில் எலிக்காய்ச்சல் என்று ஒரு பெயர்கூட இல்லை. தன் ஆராய்ச்சியின் பலனைக் கண்ணால் பார்க்க டொக்டர் ஜெரோமி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே வந்துவிட்டார்.

கொழுந்து பறிக்கக் கூடையோடு மலைக்குக் கிளம்பிய செபமாலையை நிறுத்திக் கேட்டார்.

"இப்ப யாருக்கும் காய்ச்சல் வர்றதில்லையாம்மா?"

"இல்லைங்க சேர். வெறும் அலுப்புத்தான்."

"அலுப்புன்னா?"

"மேலு கொதிக்கும், கண்ணு செவக்கும், கெண்டக்காலு இழுக்கும். எனக்கு இன்னைக்கு மூணாவது நாள்."

"ஐயோ, அதுதாம்மா எலிக்காய்ச்சல்! மருந்து எடுக்கலையா?"

"போனா காய்ச்சல்னு எழுதிருவாங்க. எழுதினா ஏழு நாளைக்கு வேலை கிடையாது, பேரும் விழாது, சம்பளமும் இல்ல. எவனோ ஒரு டொக்டரு சொல்லிக் குடுத்தானாம், ஏழு நாள் ஓய்வுன்னு. அவன் நல்லா இருக்கட்டும்!"

அந்த ஏழு நாளுக்குத்தான் ஜெரோமிக்குப் போன மாதம் விருது கிடைத்தது.