கோணல் பட்டை

"கோணலா இருக்கு. பிச்சு எடு" என்றார் கேப்டன் ஷெத்லி.

நௌஃபலுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவர் இப்படிச் சொல்வது இது இரண்டாவது தடவை.

பிஸெர்ட் துறைமுக ஊரின் படகுத் துறையில் கரையேற்றி நிறுத்தியிருந்த கேப்டனின் பாய்மரப் படகில், பக்கவாட்டில் ஒட்டியிருந்த பழைய அலங்கார ஸ்டிக்கர் பட்டைகள் வெயிலில் வெளுத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தன. சுடுகாற்றுக் காட்டிக் காட்டி அவற்றை உரிக்கவே நௌஃபலுக்கு இரண்டு நாள் ஆனது. ஒட்டியிருந்த பசையைத் தேய்த்து எடுக்க இன்னொரு நாள். அப்புறம் லேசர் மட்டம் வைத்துக் குறித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் கட்டையால் நீவி நீவி, முன்முனையிலிருந்து பின்புறம் வரை இரண்டு கருநீலப் பட்டைகள் ஒட்டினான். பன்னிரண்டு வருஷமாக இதே தொழில். ஓரிடத்தில் ஒரு குமிழி கிடையாது.

கேப்டன் வந்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தார். நடுவில் பட்டை கீழே இறங்குகிறது என்றார். நௌஃபல் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் உரித்துப் போட்டு மறுபடி ஒட்டினான். இன்றைக்கும் அதே பேச்சு.

ஷெத்லி சாதாரண ஆள் இல்லை. வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பல்களில் ஏறி, கால்வாய் வழியாக அவற்றைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட். முப்பது வருஷத்தில் ஒரு கப்பலின் பெயின்ட்கூட உரிந்ததில்லை என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமைதான் மனுஷனுக்குத் தலைக்கேறிவிட்டது என்று நௌஃபல் முடிவு கட்டினான்.

"லேசர் வச்சுப் பார்த்தாச்சு கேப்டன். ஒரு நூல்கூட விலகலை."

"இருநூறு மீட்டர் கப்பலை இந்தக் கால்வாய்க்குள்ள கொண்டுவர்றவன்யா நான். எது நேரு, எது கோணல்னு எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?"

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மதியம் கிரேன் ஓட்டுகிற மொங்கியிடம் நௌஃபல் கொட்டித் தீர்த்தான். கையிலிருந்த கிண்ணத்தில் லப்லாபி என்கிற கொண்டைக்கடலை சூப் ஆறிப்போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வேலைக்காரனை அலைக்கழிப்பதில் சில பேருக்கு ஒரு ருசி என்றான். அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்றான்.

"பட்டையைத் தொடவே போறதில்லை அண்ணே. புதுசா ஒட்டிட்டேன்னு சொல்லப்போறேன். அந்த ஆளோட யோக்கியதையை நீங்களே வந்து பாருங்க."

சொன்னபடியே செய்தான். ஈரத்துணியால் பட்டையைத் துடைத்துப் பளபளப்பாக்கியதோடு சரி. துறையில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லியும் வைத்தான்.

மறுநாள் பத்து மணிக்குக் கேப்டன் வந்தபோது, வேலை பார்ப்பது போல ஏழெட்டுப் பேர் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். புதுசாக ஒட்டியாச்சு என்றான் நௌஃபல். அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"முன்னைவிட மோசமா இருக்கு."

நௌஃபல் இதற்காகத்தான் காத்திருந்தான்.

"நான் அதைத் தொடவே இல்லை கேப்டன். நேத்து நீங்க பார்த்த அதே பட்டைதான்."

சுற்றியிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கேப்டனின் முகம் சிவந்தது. செய்ததைக் கெடுத்துவிட்டு இப்போது நாடகம் ஆடுகிறாயா என்று கத்தினார். நாடகம் ஆடுவது யார் என்று நௌஃபலும் கத்தினான். மொங்கி ஓடிப் போய்த் தூண்டில் நரம்பு கொண்டுவந்தார். இரண்டு பேர் அதை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பட்டையும் நரம்பும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்தாற்போல இருந்தன.

நரம்பு நடுவில் தொய்கிறது, இழுத்துப் பிடியுங்கள் என்றார் கேப்டன். விண்ணென்று தெறிக்கும் அளவுக்கு இழுத்தார்கள். இன்னும் தொய்கிறது என்றார்.

நௌஃபலுக்குப் பொறுமை போய்விட்டது. மரியாதையை எல்லாம் மறந்து அவர் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினான். காற்றே இல்லாத காலை. கடல் பலகை போலக் கிடந்தது.

"அதோ, கடலும் வானமும் சேர்ற கோடு. அதையும் நான்தான் ஒட்டினேனா? அதுல ஒரு கோணல் இருந்தாச் சொல்லுங்க பார்ப்போம்."

மறுபடி சிரிப்பு. கேப்டன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அவர் அசையாமல் நின்ற நேரம் நீள நீள, சிரிப்பு தானாக அடங்கியது.

"இருக்கு" என்றார், நௌஃபலுக்கு மட்டும் கேட்கும்படி. "அதுவும் நடுவுல இறங்குது."

தோளில் வைத்த கையை எடுக்க நௌஃபலுக்குத் தோன்றவில்லை.

கேப்டன் போனை எடுத்தார். துறைமுகத்தின் பைலட் ஆபீஸைக் கூப்பிட்டார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நௌஃபலை வைத அதே கறாரான குரலில் சொன்னார்:

"நாளைக்கு வர்ற எண்ணெய்க் கப்பலுக்கு வேற ஆளைப் போடுங்க. இனிமே எந்தக் கப்பலுக்கும் என்னை அனுப்பாதீங்க. நேர்கோடு எனக்குக் கோணலாத் தெரியுது."