தென்னரசின் ஒற்றை வரிகள்

பிரம்மதேசம் ஊர்க்காரர்களுக்கு ஒரே செய்தி இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது.

மாட்டு டாக்டர் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று கைபேசிக்குச் சொல்லும் செயலி அது. திண்டிவனத்தில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தென்னரசும் அவன் மனைவி இசைவாணியும் எழுதியது. சாயந்திரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக விழுப்புரம் கால்நடைத் துறை ஆபீசிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது.

பழுது இருந்தது தென்னரசு எழுதிய ஃபைலில்.

அவன் இறந்து நாற்பத்தோரு நாள். இசைவாணி அதை இன்னும் திறக்கவில்லை.

பயம்தான். செயலியின் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதும் துண்டுகளான ஃபங்ஷன்களுக்கு அவன் பெயரே வைக்க மாட்டான். ஓர் அம்புக்குறி, இரண்டு அடைப்புக்குறி, சில ஒற்றை எழுத்துகள். பத்து வரி வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரே பார்வையில் முழுசும் கண்ணுக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. பின்னால் வருகிறவருக்குப் புரிய வேண்டும் என்பது அவள் கட்சி. கல்யாணமாகி ஆறு வருஷமும் இதே சண்டை.

"எட்டு ஃபங்ஷன்ல ஒண்ணுக்குக்கூட பேரு இல்லீங்க. நாளைக்கு வேற யாருனா படிக்க வாணாமா?"

"புரியலன்னா என்னக் கேளேன் இசை. நான் இன்னா ஊர விட்டா ஓடிக்கினு இருக்கேன்?"

ஃபைலைத் திறந்தாள்.

அம்புக்குறி ஒன்றுகூட இல்லை.

எட்டுக்கும் பெயர் இருந்தது. ஊர்களைப் பிரிப்பது, வழியைத் தேடுவது, செய்தி அனுப்புவது என்று ஒவ்வொன்றும் தன் வேலையைப் பெயரிலேயே சொன்னது. உள்ளே பத்துப் பன்னிரண்டு வரி, ஒன்றின்கீழ் ஒன்றாக, அவள் எழுதுவதைப் போலவே.

கடைசியில் நான்தான் ஜெயித்தேன் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

எப்போது மாற்றினான் என்று தேதிகளைப் பார்த்தாள்.

பிப்ரவரி பதினொன்றில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாக, எட்டு நாள்.

பத்தாம் தேதி அவன் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் புதுச்சேரிக்குப் போனான். பழைய கண்ணாடியோடேயே திரும்பி வந்தான். கடை மூடியிருந்ததாம்.

அவனைக் கொண்டுபோன நோயைப் பற்றி அவளிடம் சொன்னதே ஏப்ரல் கடைசியில்தான்.

டாக்டர் போகும் வழிகளில் இரண்டிலும் பிரம்மதேசத்தின் பெயர் இருந்தது. ஒன்றிலிருந்து எடுத்தாள்.

இரண்டு நிமிட வேலை. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.