மாடி அறையில் ஓடிய ரயில்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். ஆனால் ரயில் ஓடுகிற கதை, கையைக் காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"பாலம் ஆடுது! சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலேன்னா பாசஞ்சர் மொத்தமும் ஆத்துக்குள்ளதான்!" என்று டிரைவர் கத்தினார். அவர் மனைவி ஓடிவந்து ஒற்றை விரலால் பாலத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

பாலம் அவள் முழங்கை நீளம்தான். ஆறு, கண்ணாடித் துண்டுக்கு அடியில் பூசிய நீலச் சாயம். மாடி அறை முழுக்கப் பலகை அடித்து, தண்டவாளம், ஸ்டேஷன், சுரங்கம், எரிந்து அணையும் சிக்னல் என்று ஒரு குட்டி ரயில் உலகத்தையே கட்டி வைத்திருந்தார் அந்த மனுஷன்.

இன்றைக்கு அதை ஓட்ட மூன்று பேர் வருகிறார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட டாக்டர், அவரோடு இரண்டு ரயில் பைத்தியங்கள்: ஒரு தையல்காரர், ஒரு கணக்கு வாத்தியார். வந்தவர்கள்தான் மாறி மாறி ஓட்டுவார்கள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தயார் செய்து கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் இந்த ஆட்டத்தின் மரியாதை.

மனைவி காலையிலிருந்து ஸ்பிரிட் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எஞ்சினைக் குப்புறக் கவிழ்த்து, சக்கரத்தில் சுற்றிய நூலை ஊசியால் எடுத்தார்.

"சாப்பிட்ட தட்டை ஒரு நாள் கழுவினதுண்டா? பொம்மைக்கு மட்டும் அழுக்கெடுக்கத் தெரியுது" என்று முணுமுணுத்தாள். வாய்தான் முணுமுணுத்தது, மனசு குளிர்ந்து கிடந்தது.

ஏன் குளிராது? நிஜ ரயில் ஓட்டியவர் அவர். ஒரு மழைநாளில், ஒரு வளைவில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய், நின்றிருந்த வண்டியில் மோதிவிட்டார். போன உயிர்கள் போய்விட்டன. "வேறு எந்த டிரைவராக இருந்தாலும் நின்றிருப்பான்" என்று விசாரணையில் தீர்ப்பாகி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பல்வலிக்குத் தவிர வாசலுக்கே தலைகாட்டாதவர், இன்றைக்குத்தான் வீட்டுக்கு மனுஷர்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவளுக்கு ஒரே ஒரு பயம். பொம்மையே ஆனாலும், ஒரு வண்டிமேல் ஒரு வண்டி மோதிவிட்டால்? மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாரே!

அதனால் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிக்கொண்டே போனவள், வளைவில் நின்றாள்.

"ஏங்க, இந்த மரம் சிக்னலை மறைக்குதே. தள்ளி நடட்டுமா?"

"கையை எடு. அது அங்கதான் இருக்கணும்."

"ஓட்டுறவங்களுக்குத் தெரியாதேங்க!"

"அது அவங்க பாடு" என்றவர், வளைவுக்கு அந்தப்பக்கம் ஒரு சரக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

சாயங்காலம் மூவரும் வந்தார்கள். "அண்ணி, டிக்கெட் எடுக்கணுமா, இல்ல வித்தவுட்லயே ஏறலாமா?" என்றார் தையல்காரர். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று!

முதலில் டாக்டர் பாசஞ்சரை எடுத்தார். சுரங்கத்திலிருந்து வண்டி வெளியே வந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சிக்னலடியில் சமத்தாக நின்றது வண்டி.

"சிக்னல் தெரிஞ்சுதா டாக்டர்?" என்று குனிந்து கேட்டார் டிரைவர்.

"எங்கண்ணே தெரியுது? மரம் மறைச்சுக்கிட்டு நிக்குது! தெரியலேன்னா மெதுவாப் போகணும். இது பச்சைப் புள்ளைக்கும் தெரியுமே!"

அடுத்தது தையல்காரர். "வண்டி லேட்டு, அழுத்துங்க!" என்று பின்னாலிருந்து விரட்டினார் டிரைவர்.

"லேட்டானா ஆகட்டுமே அண்ணே. உசிரோட போய்ச் சேந்தாப் போதாதா?" வண்டி நின்றது. வாத்தியார் ஓட்டியபோதும் நின்றது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று டிரைவர் விடாமல் கேட்டார். அவர்களும் சளைக்காமல் ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நின்றது.

அவர்களை வழியனுப்பிவிட்டு, படிகளைத் தாவி ஏறும் சின்னப் பெண்போல மூச்சிரைக்க மாடிக்கு வந்தாள் மனைவி.

"பாத்தீங்களா? ஒண்ணுகூட மோதலே! வாத்தியார் எப்படிப் பாராட்டினாரு தெரியுமா? அடுத்த வாரமும் வராங்களாம்!"

அவர் எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. சந்தோஷம் தாங்காத கண்ணீர் என்றுதான் அவள் நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, புறங்கையால் துடைத்துவிட்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருத்தனாவது மோதியிருக்கக் கூடாதாடி?"

நல்லாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி ஓர் ஆசை வராமலே போகட்டும்.