நான்காவது கை

இத்தாலிய மலையூர்களிலிருந்து சுவிஸ் ஆலைகளுக்கு ஆளேற்றிப் போகும் காலை ரயில் பாலத்தின் மேல் ஊர்கிறது. கீழே பள்ளத்தாக்கில் இன்னும் வெயில் இறங்கவில்லை. ரெமிஜியோ இருபது வருஷம் உட்கார்ந்த சன்னலோரத்தில் இன்று அவன் மனைவி எவெலீனா. போன மாதம் இறந்தவனின் அலமாரியைக் காலி செய்ய ஆலைக்குப் போகிறாள். அதன் சாவி கைக்குள் வியர்க்கிறது. எதிரிலும் பக்கத்திலும் அவனுடைய சீட்டாட்டக் கூட்டாளிகள் மூவர். எல்லை வருவதற்குள் ஓர் ஆட்டம் முடித்தாக வேண்டும் அவர்களுக்கு. முழங்கால்களின் மேல் விரித்த மேலங்கியில் பாஸ்தியானோ பழக்கத்தில் நாலு கைக்கும் சீட்டுப் போட்டுவிடுகிறான். அவள் முன்னாலும் மூன்று சீட்டுகள்.

"மன்னிச்சிருங்க அண்ணி, கை தன்னால போட்டுருச்சு."

"இருக்கட்டும். உங்க கள்ளாட்டத்தைப் பத்தி அவர் தினமும் சொல்வார்."

"அடப்பாவி! கள்ளாட்டம் ஆடினதே அவன்தான்!"

அவள் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சீட்டுகளை எடுக்கிறாள். எல்லைக்கு இன்னும் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன.