யசோதா ஏன் இறங்கவில்லை?

"எறங்கறாளா பாரு, மகாராணி!"

தன் வீட்டுத் திண்ணையிலிருந்து சந்திரம்மா முணுமுணுத்ததில் தப்பே இல்லை. கோயில் தெரு முனையில் வக்கீல் நாகேந்திரனின் கார் மறுபடி நின்றுவிட்டது. அவர் சேற்றில் நின்று, எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்கினார். முன் சீட்டில் அவர் மனைவி யசோதா பட்டுப்புடவையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் மகள், ஸ்லேட்டும் கையுமாக.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய கார். போன வாரம் முதல் தடவை நின்றது. திருப்பதி மெக்கானிக் குழாயில் தூசி என்று சுத்தம் செய்து அனுப்பியிருந்தான். இன்று தோட்ட வீட்டிலிருந்து ஜம்மென்று கிளம்பி, இதே இடத்தில் இருமி, குலுங்கி, உயிரை விட்டது.

முனையில் மிஷன் பாளையத்து ஜெபதாஸ் தவித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மகள் தபீதாள். தெருக்கோடி போர்டு ஸ்கூலில் பெண் பிள்ளைகளுக்கு டீச்சராக அவளைப் போட்டிருந்தார்கள். மணி அடிப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். பெண்கள் வகுப்பையும் மூடிவிடுவார்கள்.

ஏரிக்கரைப் பாதை மழையில் முழுகிக் கிடந்தது. மிச்சம் கோயில் தெருதான். தீண்டாத சாதி என்று அதில் பாளையத்துக்காரர்கள் நடக்கக் கூடாது. தெரு எல்லாருக்கும் பொது என்று சர்க்கார் சொல்லி வருஷங்கள் ஆகியும், சந்திரம்மாவின் மாமனார் கோவர்த்தனனிடம் சர்க்கார் செல்லுபடியாகவில்லை.

"வேலைக்குன்னா உள்ள வரலாம். சும்மா நடக்கறதுக்கு இது கடைத்தெருவா?" இதுதான் அவர் சட்டம்.

"ஜெபதாஸு, போன வாரம் மாதிரி ஸ்கூல் வரைக்கும் தள்ளிக் குடுப்பா" என்றார் வக்கீல்.

கோவர்த்தனன் தலையாட்டினார். கார் அங்கேயே கிடந்தால் சாமி புறப்பாட்டுக்கு இடைஞ்சல் அல்லவா? "தள்ளு, தள்ளு. சீக்கிரம் எடுங்க."

ஜெபதாஸ் பாளையத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் முக்கியும் கார் சேற்றைவிட்டு வரவில்லை.

"அம்மா கொஞ்சம் எறங்கினா பாரம் கொறையுங்க."

யசோதா இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "அந்தப் பொண்ணு சும்மாதானே நின்னுக்கினு இருக்குது? அதையும் தள்ளச் சொல்லு."

ஜெபதாஸுக்குச் சுருக்கென்றது. "அது டீச்சருங்கம்மா. இன்னிக்கிதான் மொத நாளு."

"டீச்சர்னா கை இல்லியா?"

ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணிடம் இவ்வளவு கல்நெஞ்சமா! தபீதாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக் காரில் கை வைத்தாள்.

கார் தெருக்கோடி வரை உருண்டது. ஸ்கூல் வாசலில் வக்கீல் ஹேண்டிலைப் போட்டார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மணி அடிக்கும்போது தபீதாள் சேற்றுப் புடவையோடு வகுப்பில் நின்றாள்.

மறுநாளும் அதே முனையில் கார் நின்றது. அதற்கு மறுநாளும்தான். சாயங்காலம் ஸ்கூலிலிருந்து திரும்பும்போதும் அதே கதை, முனை வரை தள்ளல். மெக்கானிக் குழாயை ஊதினான், சல்லடையைக் கழுவினான், டேங்கைக் காலி செய்து பார்த்தான்.

"சார், எங்கிட்ட வந்தா நல்லாத்தான் ஓடுது. உங்க ஊருக்குள்ள போனாத்தான் என்னமோ ஆவுது!"

"வித்துத் தொலைச்சிடலாம்" என்றார் வக்கீல்.

"வேணாங்க. ராசியான காரு" என்றாள் யசோதா. தினமும் ஜம்மென்று ஏறிக்கொண்டாள். ஒரு நாளும் நடுவில் இறங்கவில்லை. ஊரே அவளைத் திட்டியது.

முதல் வாரம் கார் போன பின்னே சந்திரம்மா தீட்டு என்று தெருவில் தண்ணீர் தெளித்தாள். பிறகு ஒரு நாள் மறந்தாள். அப்புறம் வாசலுக்கே வந்து, "டீச்சர், எங்க பொண்ணு கணக்கு ஒழுங்கா போடறாளா?" என்று கேட்டாள். தபீதாள் தள்ளிக்கொண்டே பதில் சொன்னாள்.

தை பிறந்தது. ஒரு காலையில் கார் முனைக்கு வந்தது. இருமவில்லை, குலுங்கவில்லை. நேரே போய் ஸ்கூல் வாசலில்தான் நின்றது.

ஜெபதாஸும் தபீதாளும் முனையில் திகைத்து நின்றார்கள். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் இன்னும் முழங்கால் தண்ணீர்.

சந்திரம்மாவின் மகள் வீட்டிலிருந்து ஓடிவந்து தபீதாளின் கையைப் பிடித்தாள். "டீச்சர், வாங்க, மணியாவுது!"

தெரு மொத்தமும் கோவர்த்தனனைப் பார்த்தது.

"ஏமய்யா, இன்னிக்கி காரு நிக்கலியா?"

"நிக்கலிங்க" என்றார் ஜெபதாஸ்.

கோவர்த்தனன் பேத்தியைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுக்கு ஏன் மரம் மாதிரி நின்னுக்கினு இருக்கீங்க? பசங்களுக்குப் பாடம் கெடுது. போங்க, போங்க!"

மறு கையை வெறுமனே வீசிக்கொண்டு, தெருவின் நட்டநடுவில் நடந்தாள் தபீதாள். ஜெபதாஸ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

ஸ்கூல் வாசலில் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "யசோதா, காரு நிக்கவேயில்ல! மெக்கானிக் கெட்டிக்காரன்தான். என்ன மாத்தினான்னு தெரியலியே!"

யசோதா தபீதாள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தன் காலுக்கு மேலே பெட்ரோல் குழாயிலிருந்த சின்னத் திருகைக் காட்டினாள்.

"மொத தடவை குழாயைக் கழட்டறப்ப அவன் இதை மூடினான். மூடினா பெட்ரோல் நின்னுடுதுன்னு அப்பத்தான் பாத்தேன்."

வக்கீல் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி! தெனம் நீதானா? அந்தப் பொண்ணை நம்ம கார்லயே ஏத்திக்கினு வந்திருக்கலாமே!"

"ஏத்தினா நம்ம காருதான் தெருவுல போவும். அவ நடக்கணுமில்ல?"

"அது சரி, தள்ளறவங்களுக்குப் பாரமா நீ ஏன் உள்ளயே உக்காந்திருந்த?"

யசோதா சிரித்துக்கொண்டே காரைவிட்டு இறங்கினாள்.

"நான் எறங்கிட்டா, ஸ்கூல் வந்ததும் இதை யாருங்க திறந்து விடறது?"