யார் கையால் அழிப்பது

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. முதலாளி ராமலிங்கம் சுகாசினியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சுவர்க் கடிகாரத்தையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

புதுக் கடை ஒன்றும் திறக்கவில்லை. புடவைக் கம்பெனியின் மெயில் சர்வரில், ஒரு வருஷத்துக்கு மேல் பழசான மெயில்கள் தானாகவே அழிந்துபோகும்படி ஒரு விதி போடப் போகிறார்கள். அதற்கும் நல்ல நேரம் பார்க்கிறவர் அவர். சர்வர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் காலையிலேயே வைத்தாகிவிட்டது.

விதி கம்பெனி வக்கீலின் யோசனை. இடம் மிச்சமாகும் என்று அவர் சொன்னாராம். சர்வரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிற சுகாசினிக்கு இது தெரியாதா?

விஷயம் வேறு. வாலாஜாபாத் ரோட்டில் இருக்கும் கம்பெனியின் சாயப்பட்டறையில் ஒரு வருஷத்துக்கும் முன்னால் பாய்லர் வெடித்து மேஸ்திரி தர்மன் இறந்துபோனார். அதற்கு முன்னால் பல மாதமாக அவர் முதலாளிக்கு மெயில் மேல் மெயில் அனுப்பியிருந்தார். வால்வு கசிகிறது சார். ஆட்கள் கிட்டே நிற்கவே பயப்படுகிறார்கள் சார். படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு தடவை பாருங்கள் சார்.

ஒன்றுக்கும் பதில் போகவில்லை.

இப்போது வழக்கு நடக்கிறது. தர்மனின் கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி கூசாமல் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவருடைய போன் அவரோடு எரிந்துவிட்டது. மெயில்கள் இந்த சர்வரில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றைக் கோர்ட் கேட்பதற்குள் அவை போய்விட வேண்டும். யாரோ அழித்ததாக இருக்கக் கூடாது, விதிப்படி போனதாக இருக்க வேண்டும்.

சுகாசினி தர்மனைப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு வேலைக்கு வந்தவள். மெயில்களைப் படித்ததோடு சரி. ஆனாலும் காலையில் ஒரு காரியம் செய்திருந்தாள். ஒருவருடைய மெயில் பெட்டியை விதியிலிருந்து விலக்கி வைக்க ஒரு டிக் போதும். தர்மனின் பெட்டிக்கு அந்த டிக்கைப் போட்டு வைத்திருந்தாள்.

"எல்லார் பொட்டியும் வந்துட்ச்சாம்மா? எதுவும் வுட்டுப்போவலையே?" ராமலிங்கத்தின் குரலில் தேன் ஒழுகியது.

அவள் டிக்கை எடுத்துவிட்டாள்.

பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது இந்த நாற்காலி இருக்க வேண்டும். ஒரகடத்தில் கணவனுக்கு வேலை போய்விட்டது. காரணங்களுக்கா குறை? பயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாலும் தப்பில்லை.

இனி விதியை ஓட விட வேண்டியதுதான். வளைகாப்பு வளையல்கள் குலுங்க மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இரு, இரு. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு. அழிக்கிற காரியத்த நீ தொடங்காதம்மா, ஆகாது."

அவருக்கு நிஜமாகவே அக்கறை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தன் கையாலும் அவர் தொடமாட்டார். காலையில் கல்லாவில் போணி வாங்கிய கை அது. வேறு யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பேக்கிங்லருந்து வடிவ வரச் சொல்லு. இதுக்கு அவ கைதான் சரி."

வடிவு புருஷனை இழந்தவள். முகூர்த்தப் புடவை மடிக்கிற மேசைப் பக்கம் அவளை விடமாட்டார்கள். போணி ஆகும்வரை அவள் முன்பக்கம் தலைகாட்டக் கூடாது. பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அழிக்கிற வேலை என்றால் மட்டும் அவள் ஞாபகம் வந்துவிடுகிறது.

சுகாசினிக்கு அப்பாடா என்றிருந்தது. தன் கை தப்பித்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலவும் இருந்தது.

வடிவு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முதலாளி உள்ளே வரச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஒரு புது வேலையைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நானா? என் கையாலயா?" என்று கேட்டு, பசை ஒட்டியிருந்த விரல்களை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சுகாசினி காட்டிய இடத்தில் அழுத்தினாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டு முடிந்தது.

ராமலிங்கம் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். காந்தி ரோட்டில் கல்யாணப் பார்ட்டியின் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாய் நிறையச் சிரிப்போடு முன்பக்கம் போனார்.

வடிவு போகவில்லை. திரையைத் தொட்டுப் பார்க்கலாமா வேண்டாமா என்பது போல நின்றாள்.

"ஒரு காரியத்துக்கு மொத கை வைக்கச் சொல்லி என்ன கூப்ட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமாம்மா" என்று சிரித்தாள். முகம் பூத்துப்போயிருந்தது.

பிறகு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சாயப்பட்டறைல இருந்தப்போ எங்க வூட்டுக்காரு மொதலாளிக்கு போன்லயே எழுதி எழுதி அனுப்பிக்கினு இருந்தாரு. கேஸுக்கு அதெல்லாம் வேணும்னு எங்க வக்கீலு சொல்றாரு. இந்தப் பொட்டிலதான இருக்குது? நீ பத்தரமா பாத்துக்குவ இல்லமா?"

தர்மனின் பெட்டி திரையில் காலியாகத் திறந்து கிடந்தது.

"இருக்குதுக்கா" என்றாள் சுகாசினி.