உள்ளே இறங்காத ஊசி

இஸ்திரி அக்காவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, கட்டிலில் முகம் புதைக்க விட்டிருந்த துளை வழியாகத் தரையில் விழுந்தது. அவள் தோளில் ஊசி நட்டுக்கொண்டிருந்த ஊசியம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஊசி குத்திய வலியாக அது இருக்க முடியாது.

ஏனென்றால் அந்த ஊசிகளில் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. அழுத்தினால் நாடகக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும் மழுங்கல் ஊசிகள் அவை.

அக்குபஞ்சர் நிஜமாகவே வலியைக் குறைக்கிறதா என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளைப் பெட்டியிலிருந்து நிஜ ஊசி, மீதிப் பேருக்கு நீலப் பெட்டியிலிருந்து பொய் ஊசி. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. நோயாளிகளுக்கு அது தெரியக் கூடாது. அதற்குச் சம்மதித்துத்தான் வந்திருந்தார்கள்.

குத்துகிறவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அதனால் ஊசியம்மாவின் வாய்க்குப் பூட்டு. "வாங்க", "படுங்க", "முடிஞ்சுது" என்பதற்கு மேல் அவள் பேசக் கூடாது. வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது பக்கத்து அறைப் பெண்ணின் வேலை. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்வதால் அவளுக்கு 'மார்க் டீச்சர்' என்று பெயர் விழுந்திருந்தது.

சலவைக் கடையில் வருஷக்கணக்காக இஸ்திரி போட்டு வலது தோள் இறுகிப்போனவள் இஸ்திரி அக்கா. "கை மேலயே போகலைம்மா. தலைகூட என் பொண்ணுதான் வாரி விடுறா" என்று முதல் நாள் சொன்னபோது, ஊசியம்மா கல் மாதிரி நின்றுவிட்டு நீலப் பெட்டியைத் திறந்தாள்.

"முடிஞ்சுது" என்றாள் இப்போதும்.

இஸ்திரி அக்கா எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே கேட்டாள். "இன்னும் எத்தனை தடவைம்மா பாக்கி?"

ஊசியம்மா தட்டிலிருந்து முகத்தை நிமிர்த்தவில்லை. இரண்டு விரலை மட்டும் காட்டினாள். பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. எப்போதடா விடுதலை என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

இடைவேளையில் மார்க் டீச்சரை வராந்தாவில் மடக்கினாள். "அந்த இஸ்திரி அக்கா எவ்வளவு மார்க் சொல்றாங்க?"

"சொன்னா என் வேலை போயிடும். கேட்டதுக்கே உன் வேலை போயிருக்கணும். வா, டீ குடிக்கலாம்."

"அழறாங்கடி."

"நீ உம்முனு நின்னுக்கிட்டு மூணு வார்த்தை பேசுறியே, அதைப் பாத்தா எனக்கே அழுகை வருது."

பெரிய டாக்டரிடமும் போய் நின்று பார்த்தாள். "சார், ஒரே ஒருத்தருக்கு மட்டும் நிஜ ஊசி போட்டுடட்டுமா?"

"எல்லாருக்கும்தான் கடைசியில இலவசமாப் போடப் போறோமே."

"அதுக்கு அடுத்த வருஷம் ஆயிடும் சார். வாராவாரம் பார்க்கிறவ நான். என்னால தாங்க முடியலை."

"பார்க்கிறது உங்க வேலை இல்லம்மா. ஒருத்தருக்கு இரக்கப்பட்டீங்கன்னா மொத்த ஆராய்ச்சியும் குப்பை."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் பொறுமையாகச் சொன்னார், அதில் தப்பும் இல்லை. ஊசியம்மாவுக்கோ, தாகத்தில் தவிக்கிறவள் முன்னால் தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. சாவியும் தன் இடுப்பிலேயே.

அடுத்த வாரம் இஸ்திரி அக்கா படுத்ததும், ஊசியம்மாவின் கை நீலப் பெட்டியைத் தாண்டி வெள்ளைப் பெட்டிக்குப் போனது.

ஊசி இறங்கியது. தோல் அதைக் கவ்விக்கொண்டது. சுற்றிலும் மெல்லச் சிவந்தது. "ஸ்ஸ்" என்றாள் இஸ்திரி அக்கா. இத்தனை வருஷம் கற்ற கைவேலை இப்போதுதான் இவளுக்குப் பயன்படுகிறது என்று ஊசியம்மாவின் கண் பனித்தது. வேலை போனால் போகட்டும் என்று அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

கடைசித் தடவை. இஸ்திரி அக்கா உள்ளே வந்ததும் இடது கையால் கதவைச் சாத்தினாள். படுக்கவில்லை.

"ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும்மா. போன வாரம் ஊசியை மாத்திட்டீங்க, இல்ல?"

ஊசியம்மாவுக்கு அனுமதித்த வார்த்தைகளில் இதற்குப் பதில் இல்லை. கதவைப் பார்த்தாள்; இஸ்திரி அக்காவைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள் கிசுகிசுப்பாக. "தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க. ரூல்ஸை மீறித்தான் போட்டேன். நீங்க அழறதைப் பார்க்க முடியலை. இன்னிக்கும் அதையே போட்டுடறேன்."

இஸ்திரி அக்கா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா! அது சந்தோஷ அழுகைம்மா. பழைய ஊசியிலதான் எனக்குக் கை தூக்க வந்துச்சு."